நுழைவுத் தேர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடை விடுமுறையில் புதுதில்லியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் கழியும். ஆக்ரா, போபால், நாக்பூர், விஜயவாடா என ஊர்கள் பின்னே செல்லச் செல்ல, பெட்டியில் இருப்போர் உறவினரைப் போலப் பழகிவிடுவர். புளிச்சோறும் முறுக்கும் கைமாறும். பதினொன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் பிள்ளை ஒன்று அப்பெட்டியில் இருந்துவிட்டால், பேச்சு எங்குத் தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். “நீட்டா, ஜே.இ.இ.யா?” என்று எதிர் இருக்கைப் பெரியவர் கேட்பார். விடை வருமுன்பே அறிவுரை வந்துவிடும். ஒருவர், நாளுக்குப் பதினாறு மணி நேரம் படித்தாக வேண்டும் என்பார். மற்றொருவர், கோட்டாவுக்கு அனுப்பாவிட்டால் பயனில்லை என்பார். மூன்றாமவர், “இனித் தமிழ் வகுப்பு எதற்கு? அந்த நேரத்தில் பத்துக் கணக்குப் போடலாமே!” என்பார்.

இவர்களுள் எவரும் தீங்கு நினைப்பவர் அல்லர். பிள்ளை நன்றாக வரவேண்டும் என்ற அக்கறையே அவர்களைப் பேச வைக்கிறது. ஆயினும், அன்போடு சொல்லப்படும் தவறும் தவறே. அதை நம்பிக் குடும்பங்கள் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிடுகின்றன. பிள்ளைகள் உறக்கத்தையும் விளையாட்டையும் நண்பர்களையும் இழக்கின்றனர். எனவே நுழைவுத் தேர்வைப் பற்றிப் பரவலாக நிலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்ப்பது தேவையாகிறது.

தேர்வு ஒரு சல்லடை

நுழைவுத் தேர்வில் வென்றவர் அறிவாளி, தோற்றவர் அறிவிலி என்பது முதல் தவறான நம்பிக்கை. ஏனைய தவறுகள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

2025 ஆம் ஆண்டு நீட் தேர்வை 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம் மட்டுமே. அதாவது, ஓர் இடத்திற்குப் பதினெட்டுப் பேர் நின்றனர். எழுதிய அனைவரும் மிகச் சிறப்பாகவே எழுதியிருந்தாலும், பதினெட்டில் பதினேழு பேர் வெளியே நின்றிருப்பர். இடம் கிடைக்காமைக்கு முதற்காரணம் இடங்களின் குறைவே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

பள்ளித் தேர்வு, மாணவர் கற்றுவிட்டாரா என்று பார்ப்பது. நுழைவுத் தேர்வு, பலருள் சிலரைப் பிரித்தெடுக்கும் சல்லடை. சல்லடையில் நிற்பதும் நழுவுவதும் அன்றைய மூன்று மணி நேரத்தைப் பொறுத்தவை. பொறுமை, நேர்மை, பிறர்மீது பரிவு, கைத்திறன், கற்பனை ஆகியவற்றை அது அளப்பதில்லை. அளப்பதாக அதை நடத்துவோரும் கூறுவதில்லை. அதற்காகத் தேர்வை இகழவும் வேண்டியதில்லை. அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதும் தெளிவாகும்.

மணிக்கணக்கு என்னும் மயக்கம்

இரண்டாவது நம்பிக்கை, அதிக நேரம் படித்தவரே வெல்வார் என்பது. உழைப்பில்லாமல் எதுவும் கைகூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்காலியில் அமர்ந்திருந்த நேரமும் மனம் உழைத்த நேரமும் ஒன்றல்ல. ஒரே பாடத்தை ஐந்து முறை படித்தவருக்கு ஒவ்வொரு வரியும் பழகிய முகமாகத் தோன்றும். பழகிய முகம் என்பதாலேயே, அது தெரிந்துவிட்டது என்று அவர் எண்ணிவிடுகிறார். வினாத்தாள் வந்தபின்புதான் முகம் தெரியும், பெயர் தெரியாது என்ற நிலை புரிகிறது.

இதனை ஆய்வும் உறுதி செய்துள்ளது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 2006 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களுள் ஒரு குழுவினர் ஒரு பாடப்பகுதியை நான்கு வேளையும் படித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் படித்தனர்; எஞ்சிய மூன்று வேளையும் நூலைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தனர். படித்துக்கொண்டே இருந்தவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காட்டையே வைத்திருந்தனர். இரு குழுவினருக்கும் கிடைத்த வேளைகள் நான்கே. அவற்றைச் செலவிட்ட முறைதான் வேறு.

உறக்கத்தைக் குறைத்துப் படிப்பதும் இம்மயக்கத்தின் ஒரு பகுதியே. பகலில் கற்றவற்றை மூளை நிலைப்படுத்திக்கொள்ள உறக்கம் இன்றியமையாதது. உறக்கத்தை வெட்டிப் படிப்பவர், ஒரு கையால் நீர் இறைத்து மறு கையால் குடத்தில் துளையிடுபவருக்கு ஒப்பாவார்.

விளம்பரப் பலகையும் உண்மையும்

மூன்றாவது நம்பிக்கை, பயிற்சி மையம் இல்லாமல் வெற்றி இல்லை என்பது. இராசத்தான் மாநிலத்தில் சம்பல் ஆற்றங்கரையில் உள்ள கோட்டா நகரம் இந்நம்பிக்கையின் அடையாளமாகிவிட்டது. பல மாநிலங்களிலிருந்தும் பதின்பருவப் பிள்ளைகள் அங்குச் சென்று விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். அவர்களுள் வென்றோர் உண்டு. வீட்டை விட்டுப் பிரிந்து, வாராவாரம் தரவரிசையில் ஏறி இறங்கி, மனம் உடைந்தோரும் உண்டு.

நல்ல பயிற்சி மையம் சிலருக்கு உதவும் என்பதை மறுக்க இயலாது. ஒழுங்கான கால அட்டவணை, உடன் போட்டியிடும் தோழர்கள், ஐயம் தீர்க்கும் ஆசிரியர் ஆகியவை பயனுள்ளவையே. ஆனால் மையத்தின் வாயிலில் நிற்கும் விளம்பரப் பலகை வென்றவரின் படத்தை மட்டுமே காட்டும். அதே வகுப்பில் உடன் அமர்ந்து இடம் பெறாத நூற்றுக்கணக்கானோரின் படம் அதில் இருக்காது. படத்தில் சிரிப்பவர் அங்கு முழுப் பயிற்சி பெற்றவராகவும் இருக்கலாம். சில மாதிரித் தேர்வுகளை மட்டும் எழுதியவராகவும் இருக்கலாம். இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகளை வெளியிட்டது. வென்றவரின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாமல் அவருடைய பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது என்றும், அவர் எந்தப் பயிற்சியைப் பெற்றார் என்பதை மறைக்கக் கூடாது என்றும் அவை கூறுகின்றன.

அதே ஆண்டு சனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகமும் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. பதினாறு வயது நிரம்பாதவரைச் சேர்க்கக் கூடாது. தரவரிசைக்கோ மதிப்பெண்ணுக்கோ உறுதி அளிக்கக் கூடாது. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்பன அவற்றுள் சில. ஆறாம் வகுப்பிலேயே சேர்த்தால்தான் முந்தலாம் என்று எவரேனும் கூறினால், அந்நெறிகளை நினைவிற்கொள்வது நலம்.

பணமில்லாக் குடும்பத்துப் பிள்ளைக்கு வழி அடைபட்டுவிட்டது என்பதும் உண்மையன்று. கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் இணைந்து 2023 இல் தொடங்கிய ‘சாத்தி’ என்னும் இணையதளம் நுழைவுத் தேர்வுகளுக்கான பாடங்களையும் பயிற்சித் தேர்வுகளையும் கட்டணமின்றி வழங்குகிறது. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பள்ளி தடையா, அடித்தளமா?

நான்காவது நம்பிக்கை மிகவும் ஆபத்தானது. பள்ளிக்குச் செல்வது நேரவிரயம். பெயரை மட்டும் ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் இருக்கலாம் என்பது அது. ‘டம்மி ஸ்கூல்’ என்று பேச்சில் வழங்கும் இம்முறை விதிகளுக்கு முரணானது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வை எழுத 75 விழுக்காட்டு வருகைப்பதிவு தேவை.

விதி ஒருபுறம் இருக்கட்டும். கணக்கும் இதற்கு எதிராகவே உள்ளது. பொதுப் பிரிவு மாணவர் மருத்துவப் படிப்பில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். ஐ.ஐ.டி.யில் சேர 75 விழுக்காட்டு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும், அல்லது தம் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருள் ஒருவராக இருக்க வேண்டும். பள்ளியைக் கைவிட்டவர், நுழைவுத் தேர்வில் வென்றும் வாயிலில் திருப்பி அனுப்பப்படலாம்.

பாடநூலின் மதிப்பும் பலருக்குத் தெரிவதில்லை. மேசைமீது பத்துத் தடித்த நூல்களை அடுக்கினால்தான் படிப்பு என்று எண்ணுவோர், என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வைத்துவிடுகின்றனர். நீட் தேர்வில் உயிரியலுக்கு மட்டும் 90 வினாக்கள், 360 மதிப்பெண்கள். மொத்த மதிப்பெண் 720 இல் சரிபாதி. அவ்வினாக்களுக்கு அப்பாடநூலே முதன்மையான அடித்தளம். ஒரு நூலை மூன்று முறை ஆழ்ந்து கற்றவர், மூன்று நூல்களை ஒவ்வொரு முறை மேய்ந்தவரைவிட உறுதியாக நிற்பார்.

தந்தையின் அல்லது தாயின் பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. ஜபல்பூரில் எட்டாம் வகுப்பும் குவாகாத்தியில் பத்தாம் வகுப்பும் படித்தவர், தமக்குத் தொடர்ச்சி இல்லையே என்று வருந்துவது இயல்பு. ஆனால் மத்தியப் பள்ளிகளில் ஊர் மாறினாலும் பாடநூல் மாறுவதில்லை. நண்பர்களைப் பிரிந்த துயரம் உண்மையானது. பாடத்தில் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது.

பதினாறு ஊகங்களும் ஒரு விடையும்

ஐந்தாவது நம்பிக்கை, விடை தெரியாவிட்டாலும் ஏதேனும் ஒன்றைக் குறித்து வைத்தால் அதிர்ஷ்டம் கைகொடுக்கும் என்பது. இதைச் சொல்லால் மறுப்பதைவிடக் கணக்கால் பார்ப்பது நன்று. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்படும்.

ஒருவர் பதினாறு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறிக்கிறார் எனக் கொள்ளலாம். சராசரியாக நான்கு சரியாகும். 16 மதிப்பெண் வரும். பன்னிரண்டு தவறாகும், 12 மதிப்பெண் போகும். எஞ்சுவது 4. அதுவும் சராசரிக் கணக்கே. ஒரு நாளில் அது கூடலாம், எதிர்மதிப்பெண்ணாகவும் முடியலாம். அந்த 4 மதிப்பெண்ணை, ஒரே ஒரு வினாவை நன்கு கற்றவர் ஐயமின்றிப் பெற்றுவிடுகிறார்.

இனி, பாடம் ஓரளவு தெரிந்தவரை எடுத்துக்கொள்ளலாம். நான்கு விடைகளுள் இரண்டு தவறு என்று அவரால் உறுதியாக நீக்க முடிகிறது. அதே பதினாறு வினாக்களில் சராசரியாக எட்டுச் சரியாகி 32 மதிப்பெண் வரும். எட்டுத் தவறாகி 8 போகும். எஞ்சுவது 24. அரைகுறை அறிவே அதிர்ஷ்டத்தைப்போல் ஆறு மடங்கு தருகிறது என்றால், முழுமையான அறிவின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

மாதிரித் தேர்வுகளைப் பற்றிய மயக்கமும் இத்தகையதே. ஐம்பது மாதிரித் தேர்வு எழுதினேன் என்பது பெருமையன்று. ஐம்பதிலும் ஒரே பிழையைச் செய்திருந்தால், அவர் பயின்றது அந்தப் பிழையைத்தான். மணிக்கு 72 கிலோமீட்டர் என்னும் வேகத்தை நொடிக்கு 20 மீட்டர் என்று மாற்றாமல் கணக்குப் போட்டவர், சூத்திரம் தெரிந்தும் மதிப்பெண் இழக்கிறார். அவருக்குத் தேவை இன்னொரு சூத்திரம் அன்று. அலகைப் பார்க்கும் பழக்கம். பிழைக் குறிப்பேடு ஒன்றை வைத்து, ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் எது தெரியாமையால் வந்த பிழை, எது அவசரத்தால் வந்தது, எது வினாவைத் தவறாகப் படித்ததால் வந்தது எனப் பிரித்து எழுதிவைப்பவர், இரண்டே மாதங்களில் தம்மைத் தாமே அறிந்துகொள்வார். தேர்வு எழுதிய நேரத்தைவிடப் பிழையை ஆராயும் நேரமே விலைமதிப்புள்ளது. பதறாத காரியம் சிதறாது என்பது முதியோர் மொழி.

தமிழ் வகுப்பு நேரவிரயமா?

தாய்மொழி வகுப்பை விட்டுவிட்டால் தேர்வுக்கு நேரம் கிடைக்கும் என்பது, வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஆறாவது நம்பிக்கை. இதில் உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். நீட், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, கியூட் ஆகியவை தமிழ் உள்ளிட்ட பதின்மூன்று மொழிகளில் நடைபெறுகின்றன. எனினும் நீட், ஜே.இ.இ. தேர்வுகளின் தமிழ் வினாத்தாள் தில்லியிலோ மும்பையிலோ உள்ள மையங்களில் கிடைப்பதில்லை. அது தமிழ்நாட்டையும் அதை அடுத்த சில பகுதிகளையும் சார்ந்த மையங்களுக்கே உரியது. ஜே.இ.இ. மேல்நிலைத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உண்டு. ஆகவே தமிழ் கற்பதனால் இத்தேர்வுகளில் நேரடியாக மதிப்பெண் கூடும் என்று கூற இயலாது. கியூட் தேர்வில் மட்டும் தமிழை ஒரு மொழிப்பாடமாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு.

ஆனால் மொழியின் பயன் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. ‘வேகம்’, ‘திசைவேகம்’ என்னும் இரு சொற்களை அறிந்த மாணவி, இயற்பியலில் பலரும் தடுமாறும் ஒரு வேறுபாட்டைச் சொல்லிலிருந்தே பிடித்துக்கொள்கிறாள். ‘ஒளிச்சேர்க்கை’ என்னும் பெயரிலேயே தாவரத்தின் வேலை அடங்கியிருக்கிறது. அழுத்தக் கொதிகலனில் பருப்பு ஏன் விரைவில் வேகிறது என்று பாட்டி கேட்கும்போது, அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை கூடும் என்பதைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் விளக்கிவிட்டால், அப்பாடம் உண்மையாகவே புரிந்துவிட்டது என்று பொருள். விளக்க முடியாவிட்டால், மீண்டும் நூலைத் திறக்க வேண்டும் என்று பொருள். இதைவிட எளிய மாதிரித் தேர்வு வேறில்லை. வாரத்தில் சில மணி நேரத் தமிழை வெட்டுவதால் மிஞ்சும் நேரம் சிறிது. அதனால் அறுந்துபோகும் உறவு பெரிது.

வாசல் ஒன்றல்ல

இறுதியான தவறு, மருத்துவமும் பொறியியலும் தவிர வேறு வாழ்வில்லை என்பது. 2022 இல் தொடங்கிய கியூட் தேர்வு மத்தியப் பல்கலைக்கழகங்களின் கலை, அறிவியல், வணிகப் படிப்புகளுக்கு வழி திறக்கிறது. சட்டத்திற்குக் கிளாட், கட்டடக் கலைக்கு நாட்டா, முப்படை அலுவலர் பணிக்கு என்.டி.ஏ. எனத் தனித்தனித் தேர்வுகள் உள்ளன.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வே இல்லை என்பது வெளியூர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 2006 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி அது நீக்கப்பட்டது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் படித்தோர் பிறப்பிடச் சான்றிதழுடன் இக்கலந்தாய்வில் பங்கேற்கலாம். பெட்டியிலும் திருமண வீட்டிலும் கேட்ட செய்தியை நம்புவதைவிட, அவ்வாண்டின் அதிகாரப்பூர்வக் குறிப்பேட்டை ஒருமுறை முழுமையாகப் படிப்பது மேல். தேர்வு விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை.

முடிவுரை

இத்தனை நம்பிக்கைகளுக்கும் வேர் ஒன்றே. ஆயத்தம் என்பது விலைக்கு வாங்கக்கூடிய ஒன்று, அல்லது வலியைப் பொறுத்துச் சம்பாதிக்கக்கூடிய ஒன்று என்னும் எண்ணமே அது. இரண்டும் சரியல்ல. தனக்கு எது தெரியாது என்பதைக் கண்டறிந்து, அதை ஒவ்வொரு நாளும் சிறிது குறைப்பதே ஆயத்தம். அதற்குப் பாடநூலும் பள்ளியும் பிழைக் குறிப்பேடும் போதிய உறக்கமும் மனம்விட்டுப் பேச ஓர் உறவும் வேண்டும். மனம் தாங்காத சோர்வு வரும்போது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்வது இழுக்கன்று. நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணாகிய 14416 இல் தமிழிலும் பேசலாம்.

இரயில் சென்னையை நெருங்கும்போது பெட்டியில் இருப்போர் மூட்டைகளை எடுத்து அடுக்குவர். அறிவுரை கூறிய பெரியவர், “நன்றாகப் படி, கண்ணு” என்று தலையைத் தடவிவிட்டு இறங்குவார். அந்த வாழ்த்தை மகிழ்வோடு பெற்றுக்கொள்ளலாம். அறிவுரையை உரசிப் பார்த்தபின் ஏற்றுக்கொள்ளலாம்.

சிந்தித்து எழுதுக

1. பள்ளித் தேர்வுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையின்வழி விளக்குக.

2. இருபது வினாக்களுக்கு ஊகமாக விடை குறித்தால் சராசரியாக எத்தனை மதிப்பெண் எஞ்சும்? கணக்கிட்டுக் காட்டுக.

3. பயிற்சி மைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, அது சொல்லாமல் விட்ட செய்திகள் எவை எனப் பட்டியலிடுக.

4. அறிவியல் பாடத்தில் கற்ற ஒரு கருத்தை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்குத் தமிழில் விளக்கி, அவர் கேட்ட வினாக்களை எழுதுக.

5. ‘தமிழ் வகுப்பு நேரவிரயம்’ என்னும் கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.